டெண்டர் விடப்படும் கோடை விடுமுறை

ஏப்ரல் பிறந்தால் போதும், காலையில் பேப்பரைப் பிரித்தால் செய்திக்கு முன்னால் நோட்டீஸ்தான் மடியில் விழும். பத்து நாளில் அபாகஸ், பதினைந்து நாளில் முத்து முத்தான கையெழுத்து, இருபது நாளில் கீபோர்டு, ஒரே மாதத்தில் கராத்தே மஞ்சள் பெல்ட்! இப்போது அதே நோட்டீஸ் வாட்ஸ்அப்பிலும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளிக்கூடம் மூடி நாலு நாள் ஆவதற்குள் குழந்தைக்கு மறுபடியும் ஒரு பை, ஒரு வாட்டர் பாட்டில், ஒரு வேன். வாசலில் நின்று டாட்டா காட்டிவிட்டு அப்பாவும் அம்மாவும் உள்ளே வருகிறார்கள். "நல்லவேளை, லீவை வேஸ்ட் பண்ணல!"

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதற்குப் பெயர் தெரியும். அவுட்சோர்சிங். ஒரு கம்பெனி தன் கேன்டீனை டெண்டர் விடலாம், செக்யூரிட்டியை டெண்டர் விடலாம், வாசல் பெருக்குவதைக்கூட விடலாம். ஆனால் எதற்காகக் கம்பெனி ஆரம்பித்தார்களோ அந்த வேலையையே வெளியே கொடுத்துவிட்டால் அப்புறம் கம்பெனி எதற்கு? பிள்ளை பெற்றது கராத்தே மாஸ்டருக்கு ஃபீஸ் கட்டவா?

கராத்தே மாஸ்டர் மேல் ஒரு கோபமும் இல்லை, பாவம், அவருக்கும் அந்த ஒரு மாதம்தான் வருமானம். கேம்புக்குப் போகிற குழந்தைகளில் பாதிப் பேர் சந்தோஷமாகத்தான் போகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல். கேள்வி வேறு. வீடு வாங்க இருபது வருடத் திட்டம் போடுகிறார்கள். இன்ஜினியரிங் சீட்டுக்கு ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸ். பெண் குழந்தை பிறந்த அன்றைக்கே நகைச் சீட்டு. இத்தனைக்கும் திட்டம் போடுகிறவர்களிடம், "இந்த வருஷம் உங்க பிள்ளையோட சேர்ந்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் முழிப்பார்கள். பிறகு, "அதெல்லாம் எதுக்குங்க பிளானு? தானா நடக்கும்ல?" என்பார்கள்.

தானாக நடக்காது. நடந்ததும் இல்லை. இந்தத் 'தானா' என்கிற ஒரு வார்த்தையைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது.

நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிற எந்த அப்பாவைக் கேட்டாலும் ஒரு பழைய படம் ஓட்டுவார். கிணற்றில் குதித்தது, மாங்காய் அடித்தது, பம்புசெட்டில் குளித்தது, மொட்டை மாடியில் வரிசையாகப் படுத்து நட்சத்திரம் எண்ணியது. "எங்களுக்கு யாருடா பிளான் போட்டாங்க? சோத்தத் தின்னுட்டு ஊரச் சுத்துனோம்!" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், அதைக் கெடுக்க மனசு வராது. ஆனாலும் கெடுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்தச் சோற்றை யார் போட்டது? மே மாதம் பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பன்னிரண்டு உருப்படி வந்து இறங்கும் வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தது யார்? ஏப்ரல் முதல் வாரமே "பரீட்சை முடிஞ்சதும் பிள்ளைகள அனுப்பி வை" என்று இன்லேண்ட் லெட்டர் எழுதச் சொன்னது அம்மாச்சி. தகர டின் நிறைய முறுக்கும் அதிரசமும் சுட்டு, அதைப் பிள்ளைகள் திருடித் தின்னட்டும் என்றே எட்டும் உயரத்தில் வைத்தது அம்மாச்சி. கிணற்றில் "தானாக" நீச்சல் கற்றுக்கொண்டார்களாம்! முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் நாள் முழுக்க நின்றது தாய்மாமா. ராத்திரி மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, சூடு ஆறினபிறகு பாய் விரித்து, தலை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் படுத்தது சித்தி. நட்சத்திரம் எண்ணியவர்களுக்குத் தலை எண்ணியவளைத் தெரியாது.

ஆக, பிளான் இருந்தது. ரொம்பப் பெரிய பிளான். நிர்வாகவியல் புத்தகத்தில் வருகிற திட்டமிடல், ஆள் நியமனம், கட்டுப்பாடு எல்லாமே அந்த அடுப்படியில் இருந்தது. சம்பளம் இல்லாததால் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். கணக்கில் வராத செலவை 'இலவசம்' என்று நினைப்பது முதல் வருட மாணவன் செய்கிற தப்பு. ஐம்பது வயது ஆட்களும் அதையே செய்கிறார்கள்.

(இன்னொன்றும் சொல்லிவிடலாம். அந்தக் கிணற்றில் ஊரிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் குதிக்க முடிந்ததா என்று கேட்டால் அந்தப் படம் பாதியிலேயே நின்றுவிடும். பழைய ஊர் என்பது சிலருக்கு மட்டுமே விடுமுறை கொடுத்த ஊர். அதனால் 'அந்தக் காலம்' திரும்ப வரவேண்டும் என்று இங்கே யாரும் அழவில்லை.)

இப்போது அந்த அம்மாச்சி இல்லை, அல்லது இருந்தாலும் டவுனில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் முழங்கால் வலியோடு சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா துபாயில். சித்தி ஐ.டி. கம்பெனியில் ஷிஃப்ட். கயிற்றைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் போய்விட்டன. அந்த இடத்தில் அப்பாவும் அம்மாவும் வந்து நிற்கவில்லை என்றால், வேறு யாராவது வந்து நிற்பார்கள். நோட்டீஸ் அடித்தவர் நிற்பார். மால் நிற்கும். யூடியூப் நிற்கும். காலியான இடம் காலியாகவே இருக்காது என்பது சந்தை விதி.

'அப்பாவும் அம்மாவும்' என்று எழுதும்போதே ஒரு பொய் உள்ளே நுழைந்துவிடுகிறது. உண்மையில் கேம்ப் விசாரிப்பது அம்மா, ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி ஞாபகம் வைத்திருப்பது அம்மா, ஊருக்குப் போக மூட்டை கட்டுவது அம்மா. அப்பா போட்டோவில் நிற்பார். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களைச் சம்பளம் இல்லாமல் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவழித்தது 134 நிமிடம். ஆண்கள் 76 நிமிடம். இதுவும் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்! சமையல், துவைப்பது மாதிரி வீட்டு வேலை என்று பார்த்தால் 299 நிமிடமும் 97 நிமிடமும். "பிளான் பண்ணுங்க" என்று அறிவுரை சொல்லும்போது யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். அம்மாக்களிடம் இன்னொரு வேலையைத் தள்ளிவிடுவதற்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. இது முக்கியமாக அப்பாக்களுக்கு.

சரி, திட்டம் போடவே தெரியாத ஜனமா தமிழ் ஜனம்? அதுவும் இல்லை. காதுகுத்து நடத்துகிற அழகைப் பாருங்கள். குலதெய்வக் கோயில், மொட்டை, தாய்மாமன் மடி, சீர்வரிசைத் தட்டு, கிடா வெட்டு, பந்தி, மொய் நோட்டு. மூன்று மாதம் முன்பே பத்திரிகை அடித்து, ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைத்து, யார் வீட்டுக்கு எவ்வளவு செய்தோம், அவர்கள் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பைசா சுத்தமாகக் கணக்கு. ஒரு ஆடிட்டருக்கே வேலை இருக்காது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் அந்தக் குழந்தையின் பங்கு என்ன? காதைக் காட்டிக்கொண்டு கத்துவது!

முதல் வருடப் பிறந்தநாள் இன்னும் வேடிக்கை. ஹால், பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக், மைக் பிடித்த ஆள், காதைப் பிளக்கும் சினிமாப் பாட்டு. குழந்தைக்கு அது தூங்கும் நேரம். மனிதர்களுக்குப் பொதுவாக மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்தது பெரியவர்களானபின் நினைவில் நிற்பதில்லை என்று உளவியல்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். பிள்ளைக்கு ஞாபகமே இருக்கப்போகாத ஒரு நாளுக்குத்தான் பல வீடுகளில் பிள்ளைப் பருவத்தின் மிகப் பெரிய பட்ஜெட். அதே பெண்ணுக்கு ஒன்பது வயது ஆகும்போது, "அப்பா, இன்னைக்கு என்கூட தாயம் ஆட வர்றியா?" என்று கேட்டால், "போம்மா, அப்பாவுக்கு கால் இருக்கு." திட்டம் போடும் திறமை எக்கச்சக்கமாக இருக்கிறது. அது முழுக்க சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காகச் செலவாகிறது. பிள்ளை அதில் மேடை அலங்காரம்.

இப்போது கையிருப்புக் கணக்கு பார்க்கலாம். கால்குலேட்டர் வேண்டாம், விரலே போதும்.

ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை என்று எடுத்துக்கொண்டால் பத்துக் கோடை விடுமுறை. அதற்கு முன்னால் நடந்தது அரைகுறையாக நினைவிருக்கும். அதற்குப் பின்னால் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ, கோச்சிங், பிறகு ஹாஸ்டல். நாற்பது நாள் விடுமுறை என்று வைத்தால் மொத்தம் 400 நாள். அதில் கேம்புக்கு இருபது, கல்யாணம் காட்சிக்கு நாலு, காய்ச்சல் தலைவலிக்கு இரண்டு. மீதி பதினான்கில் அப்பாவுக்கு லீவு கிடைப்பது எத்தனை நாள்? தாராளமாக வருடத்துக்கு நாலு என்று வைப்போம். பத்து வருடத்துக்கு நாற்பது நாள். ஒரு மண்டலம்கூடத் தேறவில்லை! மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் முழுக்கச் செருப்பில்லாமல் நடந்து, தரையில் படுத்து, பச்சைத் தண்ணீரில் குளித்து விரதம் இருக்கத் தெரிந்த மனிதர்தான் இவரும். அந்த நாற்பத்தெட்டு நாளுக்கு ஆபீஸிலும் வீட்டிலும் யாரும் குறுக்கே நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் எட்டு வருடம் வரை கேரி ஃபார்வர்ட் பண்ணிக் கழித்துக்கொள்ளலாம், வருமான வரிச் சட்டமே அனுமதிக்கிறது. ஏழு வயதுப் பையனோடு போகாத ரயில் பயணத்தைப் பதினைந்தாவது வயதில் அட்ஜஸ்ட் பண்ண எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அப்போது அவனே வரமாட்டான் :)

"பிளான் பண்ணிச் செஞ்சா இயல்பா இருக்காதே?" என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்களில் பலர் டோட்டோ-சான் படித்துவிட்டு உருகியவர்களாக இருப்பார்கள். தெத்சுகோ குரோயனாகி 1981-இல் எழுதிய ஜப்பானியப் புத்தகம், தமிழிலும் வந்திருக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் "ஆஹா, என்ன சுதந்திரம்!" என்கிறார்கள். சுதந்திரம் தெரிகிறது, அதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பு தெரியவில்லை. டோமோயி பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி சும்மா விட்டுவிட்டாரா என்ன? மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தது யார்? பள்ளி ஹாலுக்குள்ளேயே கூடாரம் அடித்துப் பிள்ளைகளை ராத்திரி தங்கவைத்தது யார்? கைகால் குட்டையான ஒரு பையனும் ஜெயிக்கிற மாதிரி விளையாட்டு விழாப் போட்டிகளை யோசித்து அமைத்தது, கோப்பைக்குப் பதிலாகக் காய்கறியைப் பரிசாகக் கொடுத்து, பிள்ளைகள் தங்கள் சம்பாத்தியத்தில் வீட்டுக்குச் சோறு போட்ட பெருமையோடு போகச் செய்தது, எல்லாமே ஒரு பெரியவர் முன்கூட்டி உட்கார்ந்து யோசித்தது. பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை என்பதுதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம். 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோன அந்தப் பள்ளியை, அதில் படித்த ஒரு சிறுமி முப்பத்தைந்து வருடம் கழித்தும் வரிவரியாக ஞாபகம் வைத்திருந்தாள். இயல்பாக இருக்கவேண்டும் என்றால் யாராவது ஒருவர் முதல்நாள் ராத்திரி உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்குகிற அனுபவத்துக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. தீம் பார்க்கில் குழந்தைக்கு ஒரு வேலையும் இல்லை. வரிசையில் நிற்கவேண்டும், பெல்ட் போட்டு உட்காரவேண்டும், கத்தவேண்டும், இறங்கவேண்டும். அப்பாவுக்கு அதைவிடக் குறைவான வேலை, கைப்பை பார்த்துக்கொள்வது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்கள். அப்படிப் போவது தப்பே இல்லை, ஒருநாள் கூத்துக்குப் போய்வரட்டும். ஆனால் குழந்தை கையில் ஒரு நிஜமான வேலை இருந்து, அதே வேலையில் பெரியவரின் கையும் இருந்தால்தான் அது 'சேர்ந்து செய்தது' ஆகும்.

உதாரணத்துக்குச் சென்னைக்காரர்களை எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வருகின்றன. 1988-லிருந்து ஒரு மாணவர் அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பத்திரமான பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறது. ஆரம்பித்தவர்கள் கல்லூரி மாணவர்கள்! சீசனில் பொதுமக்களையும் நடக்க அழைத்துப்போவது வழக்கம். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, ஏழு கிலோமீட்டர் போல நடக்கவேண்டும். ஆமை வரலாம், வராமலும் போகலாம். விடிய விடிய நடந்து ஒன்றுமே பார்க்காமல் திரும்பி வருகிற ராத்திரியும் உண்டு. அதற்கு யாரிடமும் ரீஃபண்ட் கேட்க முடியாது. வந்துவிட்டால், ஒரே குழியில் நூறுக்கும் மேல் முட்டை, பிங்பாங் பந்து மாதிரி. 2025 ஜனவரியில் அதே கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின, வலையில் மாட்டி மூச்சுத் திணறியவை. எட்டு வயதுக் குழந்தை அதைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்கு எந்த அபாகஸ் வகுப்பிலும் பதில் கிடைக்காது. அப்பாவுக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் சேர்ந்து தேடுவதுதான் விஷயமே.

கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. முதல் உழவர் சந்தை மதுரையில் திறந்தது 1999 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று! பத்து வயதுப் பிள்ளை கையில் இருநூறு ரூபாயும் ஒரு கூடையும் கொடுத்து, "வீட்டுக்கு ரெண்டு நாளைக்குக் காய் வாங்கு, நான் பேசமாட்டேன்" என்று அப்பா பின்னால் நின்றால் போதும். விலைப் பலகையைப் படிக்கவேண்டும், கூட்டவேண்டும், கத்தரிக்காயில் ஓட்டை பார்க்கவேண்டும், பாட்டியிடம் கொசுறு கேட்கவேண்டும். அழுகின தக்காளி வாங்கினால் அன்றைக்கு வீட்டில் அந்த ரசம்தான். முகம் சுளிக்காமல் அப்பாவும் அதையே சாப்பிடவேண்டும், இது முக்கியமான நிபந்தனை.

அல்லது தபால் ஆபீஸ். பத்து வயது ஆனால் தன் பேரில் தானே இயக்குகிற சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கலாம். சலான் நிரப்பி, கையெழுத்து ஒன்றுபோல இரண்டு தடவை போட்டு, கவுண்டருக்கு எட்டாத உயரத்தில் எக்கி நின்று பாஸ்புக் வாங்குவது. பி.காம். முடித்தும் சலான் நிரப்பத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேனாவோடு சேர்த்து உதவியும் கேட்கிற ஜனம் எத்தனை பேர் என்பது வகுப்புத் தோழர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டை விட்டு நகரவே முடியாதா? பல்லாங்குழி. ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, பதினான்கு குழி. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் மனக்கணக்கு. அதற்குத் தனியாக ஃபீஸ் கட்டுகிறார்கள்! புளியங்கொட்டை போதும். எதிரில் உட்கார ஒரு ஆள் வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. வடமாவட்டத்துக்காரர்களுக்கு ஜவ்வாது மலைப் பக்கம் காவலூர் வான்நோக்கு நிலையம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்பலாம். கோவைப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டரை ஐந்து மணி நேரம் போல ஊர்ந்து ஏறுகிற ரயில். காரில் போனால் அதில் பாதிகூட ஆகாது. அந்த மிச்ச நேரம்தான் லாபம்.

இங்கே கோபமாக ஒரு குரல் வரும், அந்தக் குரலுக்குத்தான் முழு மரியாதை. "ஏப்பா, ஜவுளிக்கடையில பன்னெண்டு மணி நேரம் நிக்கிறவன்கிட்டப் போய் ஆமை பாக்க வான்னா எப்படிப்பா?" நியாயம். தீபாவளிக்கு முந்தின ராத்திரிதான் அவர்களுக்கு உச்சகட்ட வேலை. கடையில் உட்கார்ந்துகொள்ள நாற்காலி கொடுக்கவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வரவேண்டியிருந்தது. 1958-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று தொழில் நிறுவனங்களுக்கு வருடத்தில் தேசிய விடுமுறை நாலும் பண்டிகை விடுமுறை ஐந்தும் ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது. தொழிலாளிக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்பதும் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அப்போது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்கவேண்டும், 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாள். காகிதத்தில் எல்லாம் அழகு. ஆடிட் பண்ணினால் எத்தனை கடை தேறும்?

குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்கிறது, இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. அந்த உரிமையைக் குழந்தைக்குக் கொடுக்கவேண்டிய அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை என்றால் உரிமை எங்கே போய் நிற்கும்? ஆக, லீவு கேட்பதும் இந்தத் திட்டத்தில் ஒரு பகுதிதான். சம்பள உயர்வு கேட்கச் சங்கம் இருக்கிறது, போனஸ் கேட்கச் சங்கம் இருக்கிறது. "பிள்ளை பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு" என்பதை எந்தக் கோரிக்கைப் பட்டியலில் பார்த்திருக்கிறீர்கள்?

லீவும் சம்பளமும் இரண்டும் இருக்கிறவர்கள் கதையோ வேறு. விடுப்புப் பயணச் சலுகைக்கு வரிவிலக்கு என்று ஒன்று பழைய வரிமுறையில் உண்டு. நாலு வருடத் தொகுதியில் இரண்டு பயணம், மனைவி மக்களோடு, உள்நாட்டுக்குள், பயணக் கட்டணத்துக்கு மட்டும். அரசாங்கமே "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போயேன்" என்று வரியைத் தள்ளிக் கொடுத்தது. போகாமலேயே பில் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர்! 2020-இல் வந்த புதிய வரிமுறையில் அந்த விலக்கே கிடையாது. பில் தேடுகிற வேலையும் மிச்சம் :)

படிப்பு கெட்டுவிடும் என்கிற பயத்துக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் நாலு நாள் அப்பாவோடு ரயிலில் போனதால் மார்க் போன பிள்ளையை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

அப்பாக்கள் இன்னும் 'யோசிக்கலாம்' என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால் தேதியாகவே சொல்லிவிடலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாள் முன்புதான் திறக்கிறது. மே 1-ஆம் தேதி ரயிலுக்கு மார்ச் 2, காலை எட்டு மணி. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட், பெர்த் வேண்டாமென்றால் பாதி. முழு டிக்கெட்டே எடுங்கள், ஜன்னல் சண்டை மிச்சமாகும். எங்கே போவது என்பதைப் பிப்ரவரியிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, மேப்பில் அவளையே விரல் வைக்கச் சொல்லுங்கள். லீவு லெட்டரை அதற்கும் முன்னால் மேனேஜர் மேஜையில் வைத்துவிட வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும், அது பொய்யும் இல்லை.